செருப்புத் தைத்தவர் மகன் தீட்டிய ஒளி

வேலூரிலிருந்து ஆம்பூர் வரை பாலாற்றங்கரையோரம் பயணம் செய்வோர் சிலர் மூக்கைப் பொத்திக்கொள்வதுண்டு. தோலின் வாடையாம்! அந்தத் தோலில் தைத்த காலணியை மிடுக்காக அணிந்துகொண்டே, அதைப் பதனிட்டவனை எட்டி நில் என்பாரும் உண்டு. உழைப்பு அவனுக்கு, கலை எமக்கு என்பது அவர்தம் கணக்கு. வரலாறு இந்தக் கணக்கை ஒப்புகிறதா?

உக்ரைனில், அசோவ் கடற்கரையில், மரியுபோல் என்றோர் ஊர். அன்று அது ரஷ்யப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. அங்கே 1842 வாக்கில், கிரேக்க வழிவந்த ஏழைச் செருப்புத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தார் ஆர்க்கிப் குயின்ஜி. இளமையிலேயே பெற்றோரை இழந்தார். வாத்து மேய்த்தார், மாதாகோயில் கட்டுமிடத்தில் செங்கல் எண்ணினார், தானிய வணிகரிடம் ஏவல் செய்தார். கடலோவியர் ஐவசோவ்ஸ்கியை நாடிச் சென்றார். கிடைத்ததோ வண்ணம் குழைக்கும் வேலை! நிழற்படங்களுக்கு மெருகேற்றிப் பிழைத்தார். பீட்டர்ஸ்பர்க் கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்விலும் தோற்றார். ஆனால் துவளவில்லை.

1879-இல் அவர் தீட்டிய ‘பிர்ச் மரத்தோப்பு’ என்னும் எண்ணெய் வண்ண ஓவியம் மக்கள் பார்வைக்கு வந்தது. முன்னே கரிய நிழல்; அதற்கப்பால் வெயில் குளிக்கும் பசும்புல்வெளி; நடுவே பாசி படர்ந்த நீரோடை; இருபுறமும் வெள்ளை அடிமரங்கள். மரங்களின் உச்சியை ஓவியர் காட்டவில்லை. சட்டத்தின் மேல்விளிம்பே அவற்றை வெட்டிவிடுகிறது. பார்ப்பவரோ தோப்புக்குள்ளேயே நிற்பதாக உணர்கிறார். மறு ஆண்டு ‘நீப்பர் ஆற்றில் நிலவொளி இரவு’ என்ற ஒரே ஓவியத்தை இருட்டறையில் வைத்தார். கூட்டம் வரிசையில் நின்றது. ஓவியத்தின் பின்னால் விளக்கு எரிகிறதோ என்று எட்டிப் பார்த்தவர்களும் உண்டு!

அற்புதமா அது? அன்று, தோழர்களே! அறிவியல்! ஒளியின் இயல்பையும் வண்ணங்களின் வேதியியலையும் பெத்ருஷெவ்ஸ்கி, மெண்டெலீவ் போன்ற அறிஞர்களோடு பழகி ஆராய்ந்தவர் அவர். இருளுக்கு அருகே வைத்தால் ஒளி மிகும் என்பதை அறிந்து தீட்டினார். ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறிய பச்சைத் தோல் பதமாவது எவ்வாறு மந்திரமில்லையோ, அவ்வாறே இதுவும் மந்திரமில்லை.

எந்தக் கலைக்கழகத் தேர்வில் தோற்றாரோ, அதே கலைக்கழகம் பின்னாளில் அவரைப் பேராசிரியராக்கியது. 1897-இல் மாணவர் கிளர்ச்சிக்குப் பரிந்து நின்றதால் அந்தப் பதவியை இழந்தார். செல்வம் சேர்ந்தபோதும் பழைய நாளை மறந்தாரில்லை. 1904-இல் இளம் ஓவியர்களின் பரிசுகளுக்காக ஒரு லட்சம் ரூபிள் வழங்கினார். 1910-இல் மறைந்தார். அவர் மாணவர் நிக்கோலஸ் ரோரிக் நம் நாட்டின் குலு பள்ளத்தாக்கில் வாழ்ந்து 1947-இல் மறைந்தவர். மரியுபோலில் குயின்ஜி பெயரால் எழுந்த அருங்காட்சியகக் கட்டடம் 2022 மார்ச்சில் போரின் குண்டுக்கு இரையாயிற்று. கட்டடம் இடிந்தது, அவர் தீட்டிய ஒளி இடியவில்லை.

என் வகுப்பில் கடைசி வரிசையில் ஒரு சிறுவன். தந்தை தோல் தொழிற்சாலையில் கூலி. கணக்கு ஏட்டின் ஓரமெல்லாம் மரம் வரைகிறான். “உங்கள் குலத்துக்கு எதற்கடா படம்?” என்று உறவினர் ஒருவர் கேட்டாராம். அவனிடம் குயின்ஜியின் கதையைச் சொன்னேன். மறுநாள் அவன் கேட்டது ஒன்றுதான்: “ஐயா, வண்ணப்பெட்டி என்ன விலை?”

திறமை குலம் பார்த்துப் பிறப்பதில்லை. வாய்ப்புத்தான் குலம் பார்த்து வழங்கப்பட்டு வந்தது. அந்தச் சிறுவனின் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர் நாம்.