கம்பிமுடி நாயும் நடுவரின் கையும்

நாய்க் கண்காட்சிக்குப் போயிருக்கிறீர்களா? போகாவிட்டாலும் டி.வி.யிலாவது பார்த்திருப்பீர்கள். கயிறு கட்டிய ஒரு வளையம். அதற்குள் கோட்டு, டை சகிதம் ஒருவர். நாய்கள் வரிசையாக வட்டம் அடித்து ஓடி வரும். அவர் ஒவ்வொன்றாக நிறுத்தி வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார், தோளை அமுக்குவார், முதுகைத் தடவுவார், கொஞ்சம் ஓடவிட்டுப் பார்ப்பார். ஒரு நாய்க்கு இரண்டு அல்லது மூன்று நிமிடம். அப்புறம் விரலை நீட்டி ஒன்று, இரண்டு, மூன்று. கைதட்டல், கோப்பை, போட்டோ. முடிந்தது கதை.

அந்த இரண்டு நிமிடத்தில் அவர் அப்படி என்னதான் பார்க்கிறார்? கேட்க சின்னக் கேள்வி. ஆனால் இதை வைத்து நூறு வருடத்துக்கும் மேலாக ஒரு சண்டை நடந்துகொண்டிருக்கிறது. அந்தச் சண்டையைப் புரிந்துகொள்ள ஜெர்மன் வயர்ஹேர்ட் பாயின்டர் என்ற நாயைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஜெர்மன்காரர்கள் இதை 'டாய்ச் டிராட்ஹார்' என்பார்கள். 'டிராட்' என்றால் கம்பி, 'ஹார்' என்றால் முடி. தாடியும் அடர்ந்த புருவமுமாக, பார்த்தால் ரிட்டயரான ஹெட்மாஸ்டர் மாதிரி இருக்கும்.

முதலில் கண்காட்சியின் கதையைப் பார்த்துவிடுவோம். முறையாக நடந்த முதல் நாய்க் கண்காட்சி என்று பொதுவாகச் சொல்லப்படுவது 1859 ஜூன் 28, 29 தேதிகளில் இங்கிலாந்தின் நியூகாசிலில் நடந்தது. அங்கே வந்தவை இரண்டே வகை: பாயின்டர், செட்டர். இரண்டுமே துப்பாக்கி வேட்டைக்கு உதவும் நாய்கள். பரிசு என்ன தெரியுமா? துப்பாக்கி! கண்காட்சியை நடத்தியவர்களில் ஒருவர் துப்பாக்கி செய்பவர். இன்னொரு வேடிக்கையும் உண்டு. பாயின்டருக்கு நடுவராக இருந்தவருடைய நாய் செட்டர் பிரிவில் ஜெயித்தது. செட்டருக்கு நடுவராக இருந்தவருடைய நாய் பாயின்டர் பிரிவில் ஜெயித்தது. நடுவர்கள் மேல் சந்தேகப்படுவது முதல் நாளே ஆரம்பித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள் :-)

அதற்குப் பிறகு இந்த மோகம் வேகமாகப் பரவியது. 1863ல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் பெரிய கண்காட்சி. 1873ல் லண்டனில் கென்னல் கிளப். 1884ல் அமெரிக்கன் கென்னல் கிளப். 1911ல் ஐரோப்பிய நாடுகள் சில சேர்ந்து எஃப்.சி.ஐ. என்ற சர்வதேச அமைப்பு. ஒவ்வொரு இனத்துக்கும் உயரம் இவ்வளவு, நிறம் இப்படி, பல் இப்படி என்று ஒரு இலக்கணம் எழுதப்பட்டது. நடுவருடைய வேலை அந்த இலக்கணத்தை மனதில் வைத்துக்கொண்டு முன்னால் நிற்கும் நாயை அளப்பது.

வேலைக்கார நாய்களைப் பார்க்கத்தான் கண்காட்சி ஆரம்பித்தது. ஆனால் வளையத்துக்குள் வேலை எதுவும் கிடையாது. கவுதாரி இல்லை, முயல் இல்லை, தண்ணீர் இல்லை, முள் இல்லை. அழகாக நின்று அழகாக நடந்தால் போதும். அங்கேதான் ஜெர்மன்காரர்களுக்கு உதைத்தது.

ஏன் அவர்களுக்கு மட்டும் என்று கேட்கலாம். இதற்குக் காரணம் நாயில் இல்லை, நிலத்தில் இருக்கிறது. இங்கிலாந்தில் வேட்டை பெரிய பண்ணைகளின் சொந்தக்காரர்கள் விளையாட்டு. ஆள் அம்பு உண்டு. பறவை இருக்கும் இடத்தைக் காட்ட ஒரு நாய், அதைக் கிளப்பிவிட ஒரு நாய், சுட்டது விழுந்ததும் எடுத்துவர இன்னொரு நாய் என்று தனித்தனியாக வளர்க்க வசதி இருந்தது. ஜெர்மனியில் 1848 புரட்சிக்குப் பிறகு பிரபுக்களின் வேட்டை ஏகபோகம் உடைந்தது. வேட்டை உரிமை நிலத்தோடு சேர்ந்தது. வனக்காவலர், டாக்டர், வக்கீல், கொஞ்சம் வசதியுள்ள விவசாயி என்று புது ஆட்கள் துப்பாக்கி தூக்கினார்கள். இவர்களால் நாலு நாயா வளர்க்க முடியும்? ஒரே நாய் வேண்டும். அது வயலில் கவுதாரியை மோப்பம் பிடித்து அசையாமல் நின்று காட்ட வேண்டும். குளத்தில் இறங்கி வாத்தை எடுத்துவர வேண்டும். அடிபட்டு ஓடிய மானைக் காட்டுக்குள் ரத்தத் தடம் பிடித்துத் தேட வேண்டும். நரி வந்தால் பயப்படவும் கூடாது.

இந்த எண்ணத்தை ஒரு கொள்கையாகவே ஆக்கியவர் சிகிஸ்முண்ட் ஃபொன் செட்லிட்ஸ் உண்ட் நொய்கிர்ஹ் என்ற பிரபு. பிறந்தது 1838, இறந்தது 1903. பெயர் வாயில் நுழையவில்லையா, கவலை வேண்டாம். 'ஹேகெவால்ட்' என்ற புனைபெயரில்தான் எழுதினார், நாய் உலகம் இன்றைக்கும் அந்தப் பெயரில்தான் அவரை நினைவில் வைத்திருக்கிறது. காகிதத்தில் வம்சாவளி பார்க்காதே, நாய் வயலில் என்ன செய்கிறது என்று பார் என்பது அவர் கட்சி. அவரைப் பின்பற்றியவர்கள் 1902ல் டாய்ச் டிராட்ஹார் சங்கத்தை பெர்லினில் ஆரம்பித்தார்கள். அவர்களுடைய முழக்கத்தைத் தமிழில் சொன்னால், 'திறமை வழியாக உருவம்'. முதலில் வேலை செய்கிற நாய்களாகப் பார்த்து இணைத்துக்கொண்டே வா, சரியான உருவம் தானாக வந்து நிற்கும் என்று பொருள்.

எந்த இனத்திலிருந்து எடுப்பது? எங்கே நல்லது இருக்கிறதோ அங்கிருந்து! அப்போது கம்பிமுடி நாய்களில் ஏற்கெனவே சில கோஷ்டிகள் இருந்தன. எடுவார்ட் கோர்தால்ஸ் என்ற டச்சுக்காரர் ஜெர்மனியில் இருந்துகொண்டு உருவாக்கிய கிரிஃபோன் ஒன்று. பூடில் நாயையும் பாயின்டரையும் கலந்து செய்த பூடல்பாயின்டர் ஒன்று. கம்பிமுடி இல்லாத குட்டைமுடி ஜெர்மன் பாயின்டர் தனி. டிராட்ஹார் ஆட்கள் இவை எல்லாவற்றிலிருந்தும் சிறந்தவற்றை எடுத்துக் கலந்தார்கள். தூய ரத்தக்காரர்களுக்குக் கோபம் வராமல் இருக்குமா? கலப்பட நாய் என்று ஏசினார்கள். ஆனால் சில பத்தாண்டுகளிலேயே ஜெர்மன் வேட்டைக்காரர்கள் அதிகமாக வைத்துக்கொண்ட நாய்களில் ஒன்றாக அந்தக் 'கலப்படம்' ஆகிவிட்டது.

சும்மா வாயால் சொல்லாமல் அதற்கு ஒரு பரீட்சை முறையையும் வைத்தார்கள் என்பதுதான் முக்கியம். வேட்டை நாய்ச் சங்கங்களின் கூட்டமைப்பு 1899ல் உருவானது. இளம் நாய்க்கு வசந்த காலத்தில் ஒரு பரீட்சை. அதில் ஐந்து பாடம்: முயல் தடத்தைப் பின்தொடர்வது, மோப்பம், தேடும் விதம், சுட்டி நிற்பது, எஜமானோடு ஒத்துழைப்பது. முதல் இரண்டுக்கும் மதிப்பெண் இரட்டிப்பாகக் கணக்கு. அதன் பிறகு இலையுதிர் காலத்தில் இன்னொன்று, அதில் தண்ணீர் வேலையும் சேரும். கடைசியாகப் பெரிய பரீட்சை. நம்ம ஊர் அரையாண்டு, முழு ஆண்டு, பப்ளிக் எக்ஸாம் மாதிரிதான்.

சரி, அப்படியானால் உருவத்தைப் பார்ப்பதே இல்லையா? பார்க்கிறார்கள், நன்றாகவே பார்க்கிறார்கள். ஆனால் அதற்கு உரிய இடத்தில் வைத்திருக்கிறார்கள். வேலைப் பரீட்சையில் தேறிய நாய் இனப்பெருக்கக் கண்காட்சிக்கு வர வேண்டும். அங்கே உருவத்துக்கு ஒரு தரம், முடிக்குத் தனியாக ஒரு தரம். இடுப்பு மூட்டை எக்ஸ்ரே எடுத்துக் காட்ட வேண்டும். இவை எல்லாவற்றையும் தாண்டினால்தான் குட்டி போட அனுமதி. எத்தனை அழகாக இருந்தாலும் பரீட்சையில் தேறாத நாய்க்கு இடமில்லை. எத்தனை திறமை இருந்தாலும் முடி மட்டமாக இருந்தால் அதற்கும் இல்லை.

முடிக்கு ஏன் தனி மார்க்? சில மாதங்களுக்கு முன் இங்கே புனேயில் ஒரு கண்காட்சியில் இந்த இனத்தில் ஒரே ஒரு நாய் வந்திருந்தது. நம் நாட்டு ஷோக்களில் இதைப் பார்ப்பதே அபூர்வம். நடுவர் அதன் முதுகு முடியை எதிர்த்திசையில் தள்ளினார், பிறகு கழுத்துப் பக்கம் முடியைப் பிரித்து உள்ளே குனிந்து பார்த்தார். என் மகள், "ஏம்ப்பா, பேன் பாக்கறாரா?" என்றாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு ரிட்டயர்ட் ராணுவக்காரர் சிரித்துவிட்டு விளக்கம் சொன்னார். அவர் சொன்னதையும் நான் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

இந்த நாய்க்கு இரண்டு அடுக்கு முடி. வெளிமுடி 2 முதல் 4 செ.மீ. நீளம், கம்பி மாதிரி கரடுமுரடு, உடம்போடு படிந்திருக்க வேண்டும். அதன் கீழே அடர்ந்த உள்முடி. வெளிமுடி முள்ளிலிருந்து காப்பாற்றுகிறது, உள்முடி பனித்தண்ணீரிலிருந்து காப்பாற்றுகிறது. தாடியும் புருவமும் அழகுக்கு இல்லை, புதரில் முகத்தை நுழைக்கும்போது கண்ணையும் வாயையும் காக்கத்தான். முடி மிருதுவாக, நீளமாக இருந்தால் சேறும் நெருஞ்சியும் ஒட்டிக்கொள்ளும். மிகக் குட்டையாக இருந்தால் பாதுகாப்பு இல்லை. இதைத் தூரத்திலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. சலூன் வேலை செய்து எந்த முடியையும் ஒரு நாளைக்கு ஒழுங்காகக் காட்டிவிடலாம். கைதான் பொய் சொல்லாது. அதுவும் வெயில் காலத்தில் உள்முடி மெலிந்து இருக்கிற இடமே தெரியாது. நம் ஊர் வெயிலில் அதைக் குறை என்று எழுதும் நடுவர் நல்ல நடுவர் இல்லை என்றார் பக்கத்து சீட்டுக்காரர்.

நாய்களின் முடி வகையைப் பெரும்பாலும் மூன்றே மரபணுக்கள் தீர்மானிக்கின்றன என்று 2009ல் ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். கம்பிமுடியும் தாடியும் வருவது அதில் ஒன்றால். அது ஓங்கு பண்பு. ஆகவே கம்பிமுடி உள்ள தாய் தகப்பனுக்கும் அது இல்லாத, மொழுமொழு முகத்தோடு குட்டி பிறக்கலாம். பல இனங்களைக் கலந்து உருவான நாயில் இது நடக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். மரபணு என்ற சொல்லே இல்லாத காலத்தில் ஹேகெவால்ட் ஆட்கள் முடிக்குத் தனி மார்க் வைத்தது எவ்வளவு சரியான யோசனை பாருங்கள்.

இந்த நாய் கடல் கடந்தபோது கதை மாறியது. 1920 வாக்கில் அமெரிக்கா போய்ச் சேர்ந்தது. 1959ல் அங்கே கென்னல் கிளப் அங்கீகாரம் கிடைத்தது. அங்கே குட்டியைப் பதிவு செய்யத் தாய் தகப்பன் பதிவு பெற்றிருந்தால் போதும், பரீட்சை கட்டாயம் இல்லை. நிறத்திலும் வேறுபாடு. ஜெர்மனியில் கருப்பும் வெள்ளையும் கலந்த ரோன் நிறம் முழுக்கச் செல்லும். அமெரிக்க இலக்கணமோ நெடுங்காலம் கருப்பு நிறத்தையே பெரிய குறையாக வைத்திருந்தது. ஜெர்மனியில் முதல் தர வேட்டை நாய், அமெரிக்க வளையத்தில் கடைசி! அங்கேயும் ஜெர்மன் விதிப்படியே பரீட்சை வைத்து வளர்க்கும் ஒரு கூட்டம் தனியாக இருக்கிறது. அவர்களைக் கேட்டால் இது வேறு நாய், அது வேறு நாய் என்பார்கள். மூதாதை ஒன்றுதான். நடுவர் எதைக் கேட்டார் என்பதில்தான் வித்தியாசம்.

நடுவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. வளையத்தில் தெரியும் விஷயங்களும் பொய் இல்லை. தோள் எலும்பின் சாய்வு தப்பாக இருந்தால் நாள் முழுக்க ஓட முடியாது. இமை உள்பக்கம் மடிந்திருந்தால் கண் கெடும். கடி சரியில்லை என்றால் வாத்தைத் தூக்கி வருவதில் சிக்கல். ஆனால் மோப்பம் தெரியாது, தைரியம் தெரியாது, பிடிவாதம் தெரியாது. கையால் தொட முடிந்ததை மட்டும் அவரால் சொல்ல முடியும். மீதியைச் சொல்ல வேறொரு இடம் வேண்டும். ஜெர்மன்காரர்கள் அந்த இடத்தைக் கட்டி வைத்தார்கள், அதனால் தப்பித்தார்கள்.

நமக்கு என்ன இதில்? இருக்கிறது. இந்திய கென்னல் கிளப்பின் தலைமையகம் நம்ம சென்னையில்தான். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை எல்லாம் வேலைக்காக வளர்ந்த நாய்கள். முயலைத் துரத்தவும், தோட்டத்தையும் ஆட்டுப்பட்டியையும் காக்கவும் வளர்த்தார்கள். 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை போய்விட்டது. போனதில் எனக்கு வருத்தமும் இல்லை. ஆனால் வேலை போன பிறகு நாய்க்கு மிஞ்சியது தோற்றம் மட்டும். 2005ல் ராஜபாளையத்துக்குத் தபால் தலைகூட வந்தது, பெருமைதான். ஆனால் பால் வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு என்று அதையே தேடித் தேடி இணைத்ததில் காது கேட்காத குட்டிகள் பிறக்கும் சிக்கல் அந்த இனத்தில் இருக்கிறது. நிறமிக் குறைவும் செவிட்டுத்தன்மையும் நாய்களில் சேர்ந்து வருவது தெரிந்த விஷயம். காவலுக்கு வளர்த்த நாய்க்குக் காது கேட்கவில்லை என்றால் என்ன மிச்சம்?

வளையத்தில் வெள்ளை தெரியும், காது தெரியாது. ஆனால் செவித்திறனைக் கருவி வைத்துச் சோதிக்கும் முறை கால்நடை மருத்துவத்தில் இருக்கிறது. வேட்டை வேண்டாம், முயல் வேண்டாம். காது கேட்கிறதா, நாள் முழுக்க நடக்கிறதா, அந்நியரைக் கண்டால் குரைக்கிறதா, வீட்டுக் குழந்தையிடம் சாதுவாக இருக்கிறதா என்று ஒரு பரீட்சை வைத்து, தேறினால்தான் குட்டி என்று சொல்ல நமக்கு ஜெர்மன் பிரபு யாரும் தேவையில்லை. ஊரை விட்டு வந்தாலும் ஊர்ப் பெருமைக்காக ராஜபாளையம் குட்டி வாங்க ஆசைப்படும் நண்பர்கள் இங்கேயும் பெங்களூரிலும் நிறையப் பேர் உண்டு. வாங்கப் போகும்போது மூக்கு நிறத்தை அப்புறம் பாருங்கள். முதலில் குட்டிக்குப் பின்னால் நின்று ஒரு தடவை கையைத் தட்டுங்கள். திரும்பிப் பார்க்கிறதா?