பாராட்டுக்குரியது செயலே: பயனர் தனியுரிமையும் மென்பொருள் நிறுவனங்களும்

மென்பொருள் நிறுவனங்கள் பயனரின் தனியுரிமையைக் காக்க எடுக்கும் முற்றுப்பெறாத முயற்சிகளைப் பாராட்டலாமா என்ற வினாவுக்குப் பொதுவாக இருவகை விடைகள் தரப்படுகின்றன. சிறு முன்னேற்றத்தையும் போற்றினால்தான் அடுத்த அடி எடுத்துவைக்கப்படும் என்பர் ஒரு சாரார். அவ்வாறு போற்றுவது எஞ்சியுள்ள கண்காணிப்புக்குத் திரைபோடுவதாகும் என்பர் மறுசாரார். நிறுவனத்துக்கு நற்சான்று வழங்குவதா மறுப்பதா என்றே இரு சாராரும் நோக்குவதால், எடைபோட வேண்டிய செயல் இருவர் பார்வையிலிருந்தும் நழுவிவிடுகிறது.

வாட்ஸ்அப்பின் வரலாறு இதற்குத் தக்க சான்று. 2014இல் ஃபேஸ்புக் நிறுவனம் விலைக்கு வாங்கிய இச்செயலி, 2016 ஏப்ரலில் முனைக்கு முனை மறையாக்கத்தை, அதாவது அனுப்புநரும் பெறுநரும் தவிர இடையிலுள்ள நிறுவனம்கூடப் படிக்க இயலாதவாறு செய்தியைப் பூட்டும் முறையை, நூறு கோடிக்கும் மேற்பட்ட பயனர்களுக்கு அவர்கள் எந்தப் பொத்தானையும் அழுத்தத் தேவையின்றி நடைமுறைப்படுத்தியது. தனியுரிமை என்ற சொல்லையே கேட்டிராதவர்க்கும் அப்பாதுகாப்பு கிட்டியது என்பதால், அதைச் சிறுமைப்படுத்துவது நேர்மையாகாது. ஆயினும் அதே ஆண்டு ஆகஸ்டில், பயனர்களின் தொலைபேசி எண்களை ஃபேஸ்புக்குடன் பகிர இடமளிக்கும் புதிய கொள்கையும் அறிவிக்கப்பட்டது. இரு தளங்களின் கணக்குகளை இணைப்பது குறித்து 2014இல் தவறான தகவல் அளித்தமைக்காக, ஐரோப்பிய ஆணையம் 2017இல் ஃபேஸ்புக்குக்கு 11 கோடி யூரோ அபராதம் விதித்தது. ஏப்ரல் மாதப் பணிக்காக நிறுவனத்தையே போற்றியோர், அப்போற்றுதலை ஆகஸ்டிலும் சுமக்க நேர்ந்தது. பணியை மட்டும் போற்றியோர்க்கு அந்த இக்கட்டு இல்லை.

செய்தியின் உள்ளடக்கம் பூட்டப்பட்டாலும், யார் யாருடன் எப்போது, எத்தனை முறை தொடர்புகொண்டார் என்னும் மீத்தரவு அப்பூட்டுக்கு வெளியிலேயே நிற்கிறது. மேகச் சேமிப்பகத்தில் வைக்கப்படும் காப்புநகல்களுக்கு முனைக்கு முனை மறையாக்கம் 2021 அக்டோபரில்தான் வந்தது. அதுவும் பயனர் அமைப்புகளுக்குள் சென்று, கடவுச்சொல்லையோ 64 இலக்கத் திறவுகோலையோ தேர்ந்தெடுத்துத் தாமே இயக்க வேண்டிய விருப்பத் தேர்வாகவே வந்தது. உரையாடும் இருவரில் ஒருவர் இதைச் செய்யாவிட்டாலும் மற்றவரின் சொற்களும் சேர்ந்தே வெளிப்படும் என்பதால், தனியொருவரின் விழிப்பு இங்கே போதாது. தானாக இயங்கும் பாதுகாப்பையும் தேடிச்சென்று இயக்க வேண்டிய பாதுகாப்பையும் ஒரே தராசில் நிறுக்கலாகாது.

வாக்குறுதியின் நிலை இன்னும் கீழானது. ஒரு தளத்தில் உலவுபவரைப் பிற தளங்களிலும் பின்தொடர உதவும் மூன்றாம் தரப்புக் குக்கீகளைக் குரோம் உலாவியிலிருந்து இரண்டே ஆண்டுகளில் நீக்குவதாக கூகுள் 2020 ஜனவரியில் அறிவித்தது; பலமுறை தள்ளிவைத்தபின், 2024 ஜூலையில் அத்திட்டத்தையே கைவிட்டது. ஆப்பிளின் சஃபாரியோ 2020 மார்ச்சிலேயே அவற்றை இயல்பாகத் தடுத்துவிட்டது.

பாராட்டே கூடாதென்பாரின் அச்சம் நியாயமானதே. ஆனால் செய்ததற்கும் செய்யாததற்கும் ஒரே கண்டனம் கிடைக்குமாயின், நிறுவனத்துக்குள் பயனர்க்காக வாதாடும் பொறியாளரின் கையில் எந்தச் சான்றும் மிஞ்சாது. எனவே 2016 ஏப்ரலின் மறையாக்கத்துக்கு முழுப் பாராட்டும், காப்புநகல் ஏற்பாட்டுக்கு அது அனைவர்க்கும் தானாக இயங்கும்வரை பாதிப் பாராட்டும் உரியன. குக்கீ அறிவிப்புக்கு எதுவும் உரியதன்று.