மின்தடையும் மீன்தொட்டி வடிகட்டியும்

மின்தடையால் நின்ற மீன்தொட்டி வடிகட்டி, கரண்ட் வந்ததும் தானே ஓடத் தொடங்கிவிடும். சிக்கல் பெரும்பாலும் அப்போதுதான் வருகிறது. உள்ளே தேங்கிக் கெட்ட நீர் மொத்தமாகத் தொட்டிக்குள் கொட்டும். காற்று அடைத்துக்கொண்ட மோட்டார் தண்ணீர் இல்லாமல் சுழன்று சூடேறும். எவ்வகை வடிகட்டி, எவ்வளவு நேரம் நின்றது என்பதைப் பார்த்தே அதை ஓடவிட வேண்டும்.

உள்ளே நடப்பது

வடிகட்டியின் பஞ்சிலும் செராமிக் வளையங்களிலும் நுண்ணுயிரிகள் படிந்து வாழ்கின்றன. மீன்கள் வெளியேற்றும் அம்மோனியாவை அவற்றுள் சில நைட்ரைட்டாக மாற்றும். வேறு சில அந்த நைட்ரைட்டைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக்கும். இரண்டாவது வேலையை நைட்ரோபாக்டர் செய்வதாகப் பழைய கையேடுகள் எழுதின. நன்னீர்த் தொட்டிகளில் அதைச் செய்வது நைட்ரோஸ்பைரா என்று 1998இல் வெளியான ஆய்வு காட்டியது. இரண்டு வேலைகளையும் தனியாகவே முடிக்கும் நைட்ரோஸ்பைரா வகைகள் 2015இல் அறியவந்தன.

இந்த வேலைக்கு ஆக்சிஜன் மிகுதியாக வேண்டும். அம்மோனியாவிலுள்ள 1 கிராம் நைட்ரஜனை நைட்ரேட்டாக்க ஏறத்தாழ 4.6 கிராம் ஆக்சிஜன் செலவாகும். 30 பாகை செல்சியஸ் நீரிலோ லிட்டருக்கு 7.5 மில்லிகிராம் அளவே ஆக்சிஜன் கரைந்திருக்கும். ஓட்டம் நின்றால் மூடிய வடிகட்டிக்குள் இருக்கும் இருப்பு விரைவில் தீர்ந்துவிடும். நல்ல நுண்ணுயிரிகள் சில மணி நேரத்தில் முழுதும் செத்துப்போகும் என்ற பேச்சு மிகையானது. அவற்றில் பல அடங்கிக் கிடந்து பிறகு மீளும். அவற்றைவிட, பஞ்சில் சேர்ந்த எச்சமும் தின்னாத தீனியும் ஆக்சிஜன் இல்லாமல் அழுகுவதுதான் கவலைக்குரியது. அழுக்கு மிகுந்திருந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டாகி அழுகிய முட்டை நாற்றம் வீசும். இது மீனுக்கு மிகச் சிறிய அளவிலேயே நஞ்சு.

வகைக்கேற்ற கவனம்

தொட்டிக்குள்ளேயே இருக்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் திறந்த நீரில் இருப்பதால் கெடுவது குறைவு. அதற்குக் காற்று தரும் ஏர் பம்ப் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால், பம்ப் நின்றதும் குழாய் வழியே தண்ணீர் பின்னோக்கி இறங்கிப் பம்பையும் தரையையும் நனைக்கும். குழாயில் செக் வால்வ் ஒன்றைப் பொருத்துவதோ பம்பை மேலே வைப்பதோ இதைத் தடுக்கும். தொட்டி விளிம்பில் தொங்கும் வகை, பெட்டியில் நீர் வற்றியிருந்தால் தானாக இழுக்காது. பெட்டியை நிரப்பிய பிறகே சுவிட்சைப் போட வேண்டும்.

கூடுதல் கவனம் கேட்பது மூடிய கனிஸ்டர் ஃபில்டர். அரைமணி, ஒருமணி நேரத் தடையென்றால் அப்படியே ஓடவிடலாம். பல மணி நேரமானால், ஓட்டுவதற்கு முன் உள்ளிருக்கும் நீரைக் கொட்டிவிட்டு, பஞ்சையும் வளையங்களையும் வாளியில் எடுத்த தொட்டி நீரில் அலசுவது நல்லது. குளோரின் கலந்த குழாய்நீரில் கழுவினால் மிஞ்சிய நுண்ணுயிரிகளும் போய்விடும். நாற்றம் வந்தால் அலசாமல் ஓட்டவே கூடாது. ஓட்டிய பின் கடகட ஓசை தொடர்ந்தால் உள்ளே காற்று சிக்கியிருக்கிறது. மெல்லச் சாய்த்து அதை வெளியேற்றலாம்.

தண்ணீரில் கைவைக்கும் முன் தொட்டியின் எல்லாப் பிளக்குகளையும் கழற்றிவிட வேண்டும். ஒயர் பிளக்கைவிடத் தாழ்வாக வளைந்து தொங்கினால், அதில் வழியும் நீர் வளைவிலேயே சொட்டிவிடும். கரண்ட் வந்த உடனே மின்னழுத்தம் ஏறி இறங்கும் என்பதால் சில நிமிடம் பொறுத்துப் பிளக்கைச் செருகுவது மோட்டாருக்கு நல்லது.

அடுத்த சில நாள்கள்

வடிகட்டி பழைய திறனுக்குத் திரும்பும்வரை தீனியை நிறுத்தலாம் அல்லது வெகுவாகக் குறைக்கலாம். நலமான வளர்ந்த மீன்கள் சில நாள் பட்டினியைத் தாங்கும். அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் நாள்தோறும் சோதித்து, ஏறினால் குளோரின் நீக்கிய நீரால் கால்பங்கு மாற்றலாம். பி.எச். அளவையும் பார்க்க வேண்டும். 28 பாகையில், பி.எச். 7 என்றால் மொத்த அம்மோனியாவில் நஞ்சான வடிவம் 1 விழுக்காட்டுக்கும் குறைவு. 8 என்றால் ஏறக்குறைய 7 விழுக்காடு. காரத்தன்மையுள்ள போர்வெல் நீரில் மீன் வளர்ப்பவர்கள் கூடுதலாக அஞ்சவேண்டியது இதனால்தான்.

நீண்ட தடை

2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் சென்னையருகே கரைகடந்தபோது பல பகுதிகளில் மின்சாரம் திரும்ப நாள்கணக்கானது. இத்தகைய தடையில் கனிஸ்டரை மூடியே வைத்துக் காத்திருப்பது வீண். பஞ்சையும் வளையங்களையும் வெளியே எடுத்து, வலைப்பையில் போட்டுத் தொட்டி நீரிலேயே தொங்கவிட்டு, அதன் கீழே பேட்டரியில் ஓடும் ஏர் பம்பின் குமிழிகள் எழும்படி வைக்கலாம். மீனுக்கும் நுண்ணுயிரிக்கும் ஒரே காற்று உதவும். பவர் பேங்கில் ஓடும் சிறு பம்புகளும் இப்போது கிடைக்கின்றன. நேரடியாகக் காற்றைச் சுவாசிக்கும் பீட்டா, கௌராமி மீன்களுக்கு இந்த அவசரம் குறைவு. தங்கமீன் நிறைந்த தொட்டிக்கே முதலில் பம்பை வைக்க வேண்டும்.