செங்கல்பட்டு நீதிமன்றத்தில் ஒரு தகப்பன்

திருப்பருத்திக்குன்றத்தில் எங்கள் தெருவுக்குப் பொதுவானவர் ஒருவர் உண்டு. குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் விளக்கு எரியாவிட்டாலும் மனு எழுதிக்கொண்டு கிளம்புகிறவர். நான் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவேன். சில மாதங்களாக அவர் கூட்டம் போட்டுப் பேசுவதெல்லாம் தகப்பன்மாரின் உரிமை பற்றி. அவருடைய தம்பி மகன், விவாகரத்துக்குப் பிறகு தன் பிள்ளையை மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை, சில மணி நேரம் மட்டுமே பார்க்கிறான். “பெத்தவன் விருந்தாளி மாதிரிப் போய் உக்காரணுமா? நீ சரித்திரம் படிச்சவ, சொல்லும்மா” என்றார்.

உடனே பதில் சொல்ல எனக்கு வரவில்லை. அந்த வருத்தம் பொய்யில்லை. ஆனால் “உரிமை” என்ற சொல் எனக்கு நெருடியது. அந்தச் சொல்லின் கதையை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

காஞ்சிபுரம் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த காலம் அது. 1912இல் நாராயணய்யா என்ற ஓய்வுபெற்ற அரசு ஊழியர், தன் மகன்கள் இருவரைத் திரும்பக் கேட்டுச் செங்கல்பட்டு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். எதிர்வாதி, அடையாறு பிரம்மஞான சபையின் தலைவர் அன்னி பெசன்ட். பிள்ளைகளின் தாய் சஞ்சீவம்மா 1905இலேயே இறந்துவிட்டார். மூத்த மகன் கிருஷ்ணமூர்த்தி, உலக ஆசான் ஆகப் போகிறவர் என்று சபையில் அறிவித்திருந்தார்கள். 1910இல் பிள்ளைகளின் காப்புரிமையை பெசன்ட் அம்மையாருக்குக் கொடுத்துத் தகப்பனே கையெழுத்திட்டிருந்தார். சபையைச் சேர்ந்த லெட்பீட்டருடன் பிள்ளைகள் பழகுவது பின்னர் அவருக்குக் கவலை தந்தது. பிள்ளைகளோ இங்கிலாந்தில் இருந்தார்கள்.

வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. 1913இல் தகப்பன் பக்கம் தீர்ப்பானது. 1914இல் லண்டன் பிரிவி கவுன்சில் அதைத் தள்ளியது. பிள்ளைகள் வசிக்காத மாவட்டத்தின் நீதிமன்றத்துக்கு இதை விசாரிக்கும் அதிகாரம் இல்லை, பிள்ளைகளின் நலனும் விருப்பமும் முறையாகக் கேட்கப்படவில்லை என்பவை அது சொன்ன காரணங்கள். இன்னொன்றையும் அது சொன்னது: தகப்பனின் காப்புரிமை ஒரு புனிதமான பொறுப்பு, தான் உயிரோடு இருக்கும்போது அதை இன்னொருவருக்கு மாற்றித் தர முடியாது, வளர்க்கக் கொடுத்தாலும் திரும்பப் பெறலாம், பிள்ளையின் நலனுக்கு அது கேடாக இல்லாதவரை.

இந்த வழக்கைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இன்னொரு நீதிமன்றம் நினைவுக்கு வரும். 1877இல் பெசன்ட், சார்லஸ் பிராட்லாவுடன் சேர்ந்து கருத்தடை பற்றிய சிறுநூலை வெளியிட்டு வழக்கைச் சந்தித்தார். கணவரைப் பிரிந்தபோது மகள் மேபல் ஒப்பந்தப்படி அவரிடம் இருந்தாள். 1878இல் நீதிமன்றம் அந்தச் சிறுமியை எடுத்துப் பாதிரியாரான தகப்பனிடம் கொடுத்தது. நாத்திகம் பேசுகிறவள், இப்படிப்பட்ட நூலை அச்சிட்டவள் தாயாக இருக்கத் தகுதியற்றவள் என்றானது. பால் கொடுத்ததும் காய்ச்சலில் விழித்திருந்ததும் கணக்கில் வரவில்லை. அந்தத் தாயே பிறகு செங்கல்பட்டில் ஒரு தகப்பனுக்கு எதிர்வாதியாக நின்றார். சஞ்சீவம்மா உயிரோடு இருந்திருந்தால் என்ன கேட்டிருப்பார்? சட்டத்தில் அதற்கு இடமே இல்லை.

அந்த ஆங்கிலச் சட்டத்தின் நிழல் இங்கும் விழுந்தது. 1890இன் காப்பாளர் சட்டம், தகுதியற்றவர் என்று நீதிமன்றம் கருதாதவரை, தகப்பன் உயிரோடு இருக்கையில் வேறு காப்பாளரை நியமிக்க முடியாது என்றது. அந்தப் பிரிவில் தாயின் பெயரும் சேர 2010 ஆனது. 1956இன் இந்து இளவர் காப்பாளர் சட்டம் “தகப்பன், அவருக்குப் பின் தாய்” என்று வரிசை போட்டது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை மட்டும் வழக்கமாகத் தாயிடம் இருக்கும். சோறூட்டும் பருவம் அவளுக்கு, கையெழுத்து அவருக்கு.

அந்த வரிசையைக் கேள்வி கேட்டவர் எழுத்தாளர் கீதா ஹரிஹரன். 1984இல் தன் மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்க விண்ணப்பித்தபோது, தகப்பனின் கையெழுத்து வேண்டும் என்றார்கள். “பின்” என்பதற்குத் தகப்பன் இறந்த பின் என்று மட்டும் பொருளில்லை, அவர் பொறுப்பில் இல்லாத நிலையையும் குறிக்கும் என்று 1999 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. வரிசை முழுதாக மாறவில்லை, கதவு கொஞ்சம் திறந்தது. நான் கவனிப்பது இன்னொன்றை: அந்த மனுவில் இரண்டாம் மனுதாரர் அவருடைய கணவர் மோகன் ராம். சட்டம் தனக்குக் கொடுத்திருந்த முதலிடத்தை எதிர்த்து ஒரு தகப்பன் மனைவியோடு நீதிமன்றம் போனார். தகப்பன் உரிமை பேசுகிறவர்கள் இந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை.

எங்கள் ஊர்க் கதையும் இதில் இருக்கிறது. கோர்வைப் புடவையில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். மூன்று நாடா, இரண்டு ஆள். இரண்டாவது ஆள் பல வீடுகளில் பிள்ளைதான். நான் ஏழு வயதில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்தேன். நாள் முழுக்க அவர் கையெட்டும் தூரத்தில் இருந்தார். ஆனால் எனக்குத் தலை வாரியதும் கஞ்சி வைத்ததும், தார் சுற்றிக்கொண்டே, அம்மா. என் பள்ளிக்கூடத்தை நிறுத்தலாமா என்று தீர்மானித்தது அப்பா. முன்பணம் வாங்கியதும் அவர்தான். கெட்டவர் இல்லை, கடன் பட்டவர். முன்பணத்துக்குப் பிள்ளையின் உழைப்பை அடகு வைக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று 1933லேயே சட்டம் வந்திருந்தது. 2003இலும் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் காஞ்சிபுரம் தறிகளில் கடனுக்கு உழைக்கும் பிள்ளைகளைப் பதிவு செய்தது. பிள்ளையோடு ஒரே கூரையின் கீழ் இருப்பதும் பிள்ளையை வளர்ப்பதும் ஒன்றல்ல என்று நான் தறியில் கற்றேன்.

2015 மே மாதம் சட்ட ஆணையம் தன் 257ஆவது அறிக்கையில், தாயும் தகப்பனும் சமமான காப்பாளர்கள் ஆக வேண்டும், பிரிந்த பின் இருவரும் சேர்ந்து வளர்க்கும் ஏற்பாட்டையும் நீதிமன்றம் பரிசீலிக்கலாம் என்று பரிந்துரைத்தது. எனக்கு அதில் உடன்பாடுதான். வாரம் ஒருமுறை பார்க்கும் முகம் அப்பா ஆகாது. ஆனால் பிள்ளையின் நாட்களைச் சரிபாதியாகப் பிரித்தாக வேண்டும் என்று எல்லா வீட்டுக்கும் ஒரே விதியாக்கினால், அடி வாங்கித் தப்பி வந்தவளும் அடித்தவன் வாசலில் வாராவாரம் பிள்ளையோடு நிற்க வேண்டும். ஜீவனாம்சத்தைக் குறைக்கும் பேரத்துக்குப் பிள்ளை பகடையாகும். அந்தப் பயம் பெண்களுக்கு வீணாக வந்ததல்ல.

பெரியப்பாவிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. ஒன்று மட்டும் கேட்டேன்: “சேர்ந்து இருந்தப்போ உங்க பையன் பிள்ளையைக் குளிப்பாட்டி இருக்கானா, பெரியப்பா? எந்த மருந்து அதுக்கு ஒத்துக்காதுன்னு தெரியுமா?”

சற்று யோசித்தார். “கேட்டுப் பாக்கறேன்மா” என்றார். அடுத்த கூட்டத்துக்கு என்னையும் பேசக் கூப்பிட்டிருக்கிறார். போவேன். பிள்ளை பிறந்த நாளிலிருந்து பாதி வேலை கேட்கும் தகப்பன்மார் அந்தக் கூட்டத்தில் இருந்தால், அவர்களுக்காக மனு எழுத நானும் தயார்.