கன்ட்ரோல்-எஸ்: காகித நாடா விட்டுச் சென்ற பழக்கம்

பத்து வருஷம் முன்னாடி ஒரு ராத்திரி. வெளியூரில் இருந்த சர்வருக்குள் எஸ்எஸ்ஹெச் வழியாக நுழைந்து, விம் எடிட்டரில் ஒரு கான்ஃபிக் ஃபைலைத் திருத்திக்கொண்டிருந்தேன். அரை மணி நேர வேலை, நடுவில் ஒருமுறைகூடச் சேமிக்கவில்லை. முடித்ததும் பழக்கதோஷத்தில் கன்ட்ரோல்-எஸ் அழுத்தினேன். திரை அப்படியே உறைஞ்சு போச்சு. எதைத் தட்டினாலும் அசையவில்லை. நெட் போயிடுச்சுன்னு நினைத்து டெர்மினலை மூடிவிட்டேன். மறுபடி நுழைந்தபோது பழைய ஸ்வாப் ஃபைல் கிடக்கிறது, மீட்கவா அழிக்கவா என்று விம் கேட்டது. அவசரத்தில் அழிக்கச் சொன்னேன். அத்தோடு அரை மணி நேர உழைப்பும் போச்சு.

உண்மையில் நெட் போகவே இல்லை. திரையை நிறுத்தியது நான்தான்.

இதன் வேர் 1963-இல் வந்த டெலிடைப் மாடல் 33-இல் இருக்கிறது. தட்டச்சு இயந்திரம் போன்ற அந்தப் பெட்டி நொடிக்கு 10 எழுத்துதான் அடிக்கும். அதன் ஏஎஸ்ஆர் வகையில், துளையிட்ட காகித நாடாவைப் படிக்கும் கருவியும் உண்டு. நாடா வேகமாக ஓடி, எதிர்முனையில் இருக்கும் கணினியால் ஈடுகொடுக்க முடியாவிட்டால்? ஆஸ்கி அட்டவணையின் 19-ஆம் குறியை அது அனுப்பும், நாடா நிற்கும். 17-ஆம் குறி வந்தால் மறுபடி ஓடும். கன்ட்ரோல் விசையோடு ஒரு எழுத்தை அழுத்தினால் அதன் எண்ணில் 64 குறையும். எஸ் 83, அதனால் 19. க்யூ 81, அதனால் 17. மாடல் 33-இன் விசைகளிலேயே க்யூ மேல் ‘எக்ஸ் ஆன்’, எஸ் மேல் ‘எக்ஸ் ஆஃப்’ என்று அச்சிட்டிருக்கும்.

1978-இல் டிஇசி நிறுவனம் விடி100 டெர்மினலை விட்டபோது நாடா இல்லை, திரை வந்துவிட்டது. ஆனால் இந்த இரண்டு குறிகளும் தொடர்ந்தன. கணினி அனுப்புவது வேகமாக வந்து குவிந்தால் விடி100 தானே 19-ஐ அனுப்பும். ஓடும் எழுத்துகளை நிறுத்திப் படிக்க ‘நோ ஸ்க்ரோல்’ என்று தனி விசையே இருந்தது.

இன்று நாம் திறக்கும் டெர்மினல் ஜன்னல், அந்த விடி100 வம்சத்தைப் போல நடிக்கும் ஒரு மென்பொருள். நான் அழுத்திய 19, எஸ்எஸ்ஹெச் வழியாகத் தொலைவிலுள்ள சர்வருக்குப் போனது. அங்கே லினக்ஸ் கெர்னலின் டிடிஒய் பகுதி (பெயரே டெலிடைப்பின் சுருக்கம்தான்) விம்மிடம் தராமல் அதைத் தானே எடுத்துக்கொண்டு, திரைக்கு வரும் எழுத்துகளை நிறுத்தியது.

ஆகவே, திரை உறைந்தால் ஜன்னலை மூடாதீங்க. முதலில் கன்ட்ரோல்-க்யூ அழுத்திப் பாருங்க. அதற்கு முன் கோபத்தில் மற்ற விசைகளைத் தட்டவும் வேண்டாம். தட்டியதெல்லாம் வரிசையில் காத்திருந்து, திரை விடுபட்டதும் கட்டளைகளாக மடமடவென்று ஓடும். இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் சர்வரில் ‘எஸ்டிடிஒய் மைனஸ் ஐஎக்ஸ்ஓஎன்’ என்ற கட்டளை போதும். நான் அதை என் ஷெல்லின் தொடக்க ஃபைலிலேயே எழுதி வைத்துவிட்டேன்.

காகித நாடாவை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அன்று அதை நிறுத்தத்தான் உத்தரவு போட்டிருக்கிறேன்.