மாலைச் செபம்: எமது வீடுகளில் நடந்த முதல் வகுப்பு

பாடசாலையொன்றின் நூற்றாண்டு மலரில் அதிபர்களின் பெயர்ப் பட்டியலும், கட்டடங்கள் எழுந்த விபரமும், பரீட்சையிலும் விளையாட்டிலும் ஈட்டிய வெற்றிகளும் இடம்பெறுவது வழக்கம். எமது மலரிலும் அவை உரிய இடத்தில் உள்ளன. ஆயினும் எம்முள் கத்தோலிக்க வீடுகளில் வளர்ந்தவர்கள் கற்ற இன்னொரு வகுப்பு உண்டு. அதற்கு இடாப்பு இல்லை; தவணைப் பரீட்சை இல்லை; சம்பளம் பெறும் ஆசிரியரும் இல்லை. பொழுதுபட்டு விளக்கேற்றிய பின், திரு இருதய ஆண்டவர் படத்துக்கு முன்னால் பாய் விரித்து நடந்த வகுப்பு அது.

அந்த வகுப்பைப் பற்றி எவரும் வரலாறு எழுதுவதில்லை. சுவாமிமாரின் கடிதங்களும் கன்னியர் மடக் குறிப்பேடுகளும் பேணப்பட்டிருக்கின்றன. கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு செபமாலை சொன்ன தாய் எதையும் எழுதி வைக்கவில்லை. ஆனால் எமது சமூகத்தின் கதையைப் பின்னோக்கிப் பார்க்கும்போது ஓர் உண்மை தெளிவாகத் தெரிகிறது. குருவானவரும் கோயிலும் பாடசாலையும் எட்டாத காலங்களில் விசுவாசத்தைப் பிள்ளைகளிடம் கொண்டுசேர்த்தவை வீடுகளே. வீடுகளில் அந்தப் பொறுப்பைச் சுமந்தவர்கள் பெரும்பாலும் அம்மாமாரும் அம்மம்மாமாரும் அப்பம்மாமாருமே.

குருவானவர் இல்லாத காலம்

1658 இல் யாழ்ப்பாணம் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறியது. கத்தோலிக்கக் குருக்கள் நாடுகடத்தப்பட்டனர். அவர்களுக்கு அடைக்கலம் கொடுப்பது மரணதண்டனைக்குரிய குற்றம் என அதே ஆண்டிற் கட்டளை பிறந்தது. கோயில்கள் ஒல்லாந்தரின் சபைக்குரியனவாயின. அதன்பின் 1687 இல் கோவையைச் சேர்ந்த யோசவ்வாஸ் அடிகளார், கூலியாள் வேடத்தில் இலங்கைக் கரையை அடையும் வரை, ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் இங்கு பூசை வைக்கவோ பாவசங்கீர்த்தனம் கேட்கவோ குருக்கள் இல்லை என்றே சொல்லலாம்.

முப்பது ஆண்டு என்பது ஒரு தலைமுறை. 1658 இற் பிறந்த குழந்தை, தானே பிள்ளை பெற்றுத் தாயாகும் காலம். அப்படிப் பிறந்தவர்களுக்குப் பரலோக மந்திரத்தையும் பிரியதத்த மந்திரத்தையும் கற்பித்தவர்கள் யார்? மூப்பரும் உபதேசியாரும் தம்மால் இயன்றதைச் செய்தனர். ஆயினும் பேசத் தொடங்கும் பிள்ளையின் விரலைப் பிடித்து நெற்றியிற் சிலுவை வரையப் பழக்கும் வேலை வீட்டுக்குள்தான் நடந்திருக்க முடியும்.

யோசவ்வாஸ் அடிகளார் யாழ்ப்பாணத்தில் வீடு வீடாகப் பிச்சையெடுத்துச் சென்றபோது, கழுத்திற் செபமாலையை வெளியே தெரியும்படி அணிந்திருந்தார் என்பதை நாம் அனைவரும் சிறு வயதிலேயே கேட்டிருக்கிறோம். அந்தச் செபமாலை எதற்கு உதவியது என்பதைக் கவனிக்க வேண்டும். அதை இன்னதென்று அறிந்த கண்கள் வீடுகளுக்குள் இருந்தபடியாற்றான் அவர் தம் மக்களைக் கண்டுபிடித்தார். சில்லாலை மக்கள் அவரை ஏற்று மறைத்து வைத்தார்கள். அந்தத் துணிவு வீடுகளிற் காக்கப்பட்ட செபத்திலிருந்து பிறந்தது.

மருதமடு மாதாவின் கதையும் இதையே சொல்கிறது. ஒல்லாந்தர் காலத்து நெருக்கடியில் மாந்தையிலிருந்த மாதா சுரூபத்தைக் காட்டுக்குள் கொண்டுசென்று காத்தவை சில குடும்பங்கள் என்பது எமது மரபு. பிள்ளை குட்டிகளோடு இடம்பெயர்ந்த குடும்பங்கள், தம் சுமைகளோடு மாதாவையும் சுமந்து சென்றன.

கன்னியர் மடமும் வீடும்

ஆங்கிலேயர் காலத்தில் நிலைமை மாறியது. 1847 இல் அமலமரித் தியாகிகள் இலங்கைக்கு வந்தனர். 1862 இல் பிரான்சின் போர்டோ நகரிலிருந்து திருக்குடும்பக் கன்னியர் யாழ்ப்பாணத்துக்கு வந்து பெண்பிள்ளைகளின் கல்வியைப் பொறுப்பேற்றனர். நாசரேத்தூர் வீட்டின் பெயரையே தாங்கிய சபை அது. வாசிக்கத் தெரிந்த பெண், செபப்புத்தகத்தைத் தானே விரித்துப் படித்தாள். அடுத்த தலைமுறைப் பிள்ளைகளின் தாய் ஒரு பழைய மாணவியாக இருந்தாள்.

இன்னொரு மாற்றம் உரோமையிலிருந்து வந்தது. 1910 இல் பாப்பரசர் 10 ஆம் பத்திநாதர், புத்தி விபரம் அறியும் வயதில், அதாவது ஏறக்குறைய ஏழு வயதில், பிள்ளைகள் நன்மை வாங்கலாம் எனப் பணித்தார். அதற்குமுன் அதற்குப் பத்து, பன்னிரண்டு வயதுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்தக் கட்டளையின் பாரம் வீடுகளின் மேல் விழுந்தது. ஏழு வயதுப் பிள்ளை புதுநன்மைக்கு ஆயத்தமாவதென்றால், ஞானோபதேச வகுப்புக்கு வருமுன்னரே மந்திரங்கள் அதன் நாவில் இருக்கவேண்டும். ஆகவே நாலு, ஐந்து வயதிலேயே வீட்டிற் பாடம் தொடங்கியது. சிஸ்டர்மார் வகுப்பிற் கேட்ட கேள்விகளுக்கு நாம் சொன்ன விடைகளிற் பாதி, அடுப்படியில் அம்மாவுக்கு ஒப்புவித்தவை.

ஒரு நாளும் ஓர் ஆண்டும்

பிள்ளைகள் உள்ள வீட்டில் அன்றாட ஒழுங்கு எப்படி இருந்தது என்பதை இளையவர்களுக்காகச் சற்று விரிவாகவே சொல்லலாம்.

கோயில் மணி காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் அடிக்கும். அதைத் திருந்தாதி என்பார்கள் எமது ஆச்சிமார். மாலைத் திருந்தாதி அடித்தால் விளையாட்டு முடிந்தது. கால் முகம் கழுவி உள்ளே வரவேண்டும். விளக்கேற்றிப் படிப்பு. பின் செபமாலை. ஐந்து பிள்ளைகள் உள்ள வீட்டில் ஆளுக்கொரு பத்து. பிள்ளைகள் குறைவென்றால் ஐயாவும் அம்மாவும் சேர்ந்துகொள்வார்கள். சின்னத்தம்பி பதினொரு முறை சொல்லுவான், அல்லது எட்டில் நிறுத்துவான். அக்கா விரலால் எண்ணிக் காட்டுவாள். மாதா பிரார்த்தனை வரும்போது கடைக்குட்டி அம்மாவின் மடியில் நித்திரை. அதை எவரும் குற்றமாக எடுப்பதில்லை. செபம் முடிந்ததும் பெரியவர்களுக்குத் தோத்திரம் சொல்லி, நெற்றியிற் சிலுவை அடையாளம் பெற்ற பின்னரே சாப்பாடு.

குருநகர், பாசையூர், நாவாந்துறை போன்ற கரையோர ஊர்களில் தகப்பன்மார் தொழிலுக்குப் போயிருக்கும் இரவுகளில் தாய்மாரே செபத்தை நடத்தினர். கடலில் நிற்கும் ஐயாவுக்காக ஒரு பிரியதத்தம் கூடுதலாகச் சொல்லப்படும். கொழும்பில் உத்தியோகம் பார்த்த தகப்பன்மாரின் வீடுகளிலும் அப்படியே. பகல் முழுதும் வேலை, இரவில் செபத்துக்குத் தலைமை என இரண்டு பாரமும் அம்மாவின் தோளில்தான். அலுப்பும் கோபமும் வந்த நாட்களும் உண்டு. கொட்டாவி விட்டதற்குக் குட்டு வாங்கியவர்கள் எம்மிற் பலர். எல்லா மாலைகளும் பக்தி நிரம்பியவையாக இருந்தன என்று எழுதினால் எமது தாய்மாரே சிரிப்பார்கள்.

ஆண்டின் ஓட்டத்தையும் பிள்ளைகள் வீட்டிலிருந்தே கற்றனர். விபூதிப் புதனோடு தபசுகாலம் தொடங்கும். இனிப்புக்குக் கிடைத்த சில்லறை உண்டியலுக்குப் போகும். 18 ஆம் நூற்றாண்டில் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் எழுதிய வியாகுலப் பிரசங்கம் கோயிலில் இராகத்தோடு வாசிக்கப்படும்போது, பெரியவர்கள் கண்கலங்குவதைப் பிள்ளைகள் அருகிலிருந்து பார்ப்பார்கள். குருத்தோலையிற் பின்னிய சிலுவை அடுத்த ஆண்டு வரை படத்தின் பின்னால் இருக்கும். மே மாதமும் ஒக்டோபர் மாதமும் மாதாவுக்குரியவை. சுரூபம் வீடு வீடாக வரும், அயலார் கூடிச் செபிப்பர், கடலையும் தேநீரும் உண்டு. ஆடித் திருநாளுக்கு மடுவுக்குப் பயணம். மரங்களின் கீழ்க் கொட்டில் போட்டு, அங்கேயே சமைத்துண்டு, குடும்பங்கள் நாட்கணக்கிற் தங்கும். கார்த்திகையிற் சேமக்காலைக்குப் போய் அப்பு ஆச்சியின் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்துவோம். நத்தாருக்குப் பாலன் குடில். அதற்குச் சிரட்டையில் நெல் முளைக்கப்போடுவது பிள்ளைகளின் வேலை.

எமது வகுப்புத் தோழிகளிற் பலர் சைவர்கள். வெள்ளிக்கிழமை அவர்கள் வீட்டில் மரக்கறி. எங்கள் வீட்டில் இறைச்சி இல்லை, மீன் உண்டு. அவர்கள் தேவாரத்தை மனனம் செய்த அதே வயதில் நாம் மந்திரங்களை மனனம் செய்தோம். விளக்கேற்றியபின் பிள்ளைகளை இருத்திச் சொல்லிக்கொடுக்கும் வழக்கம் இரு வீடுகளுக்கும் பொதுவானது. நவராத்திரி அவலும் நத்தார்ப் பலகாரமும் ஒரே வேலிக்கு மேலாகத்தான் கைமாறின.

மந்திரங்களின் மொழி மாறியபோது

1962 முதல் 1965 வரை நடைபெற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கம் வீட்டுக்குள்ளும் புகுந்தது. இலத்தீன் பூசை தமிழானது. முன்பு நன்மை வாங்குபவர்கள் நள்ளிரவிலிருந்து தண்ணீரும் அருந்துவதில்லை. அந்த ஒறுத்தல் 1953 இலும் 1957 இலும் தளர்த்தப்பட்டு, 1964 இல் ஒரு மணித்தியாலமாகக் குறைந்தது. காலைப் பூசைக்குப் பிள்ளைகளை வெறும் வயிற்றோடு கூட்டிச்சென்ற தாய்மாருக்கு அது பெரிய ஆறுதல்.

செபங்களின் சொற்களும் மாறின. பிரியதத்த மந்திரம் ‘அருள் நிறைந்த மரியே’ ஆனது. இஸ்பிரீத்துசாந்து என்றிருந்தது தூய ஆவியானது. சில காலம் ஒரே பாயில் இரண்டு தமிழ் ஒலித்தது: அம்மம்மா பழைய மந்திரத்தையும் பிள்ளைகள் பாடசாலையிற் கற்ற புதியதையும் சொல்ல, இரண்டும் ஒரே இடத்தில் ‘ஆமென்’ என்று முடிந்தன.

அதே தசாப்தத்தின் தொடக்கத்தில், 1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. நாட்டின் பல இடங்களிற் பெற்றோர் பாடசாலைகளுக்குட் தங்கியிருந்து எதிர்ப்புக் காட்டினர். கத்தோலிக்கப் பாடசாலைகளிற் பெரும்பாலானவை அரசிடம் சென்றன. சில, கட்டணம் அறவிடாத தனியார் பாடசாலைகளாகத் தாக்குப்பிடித்தன. பாடசாலையை மட்டும் நம்பியிருக்க முடியாது என்பதைப் பெற்றோர் அப்போது மீண்டும் உணர்ந்தனர்.

ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில்

1990 இன் பின் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய்க்குத் தடை. ஜாம் போத்தலுக்குட் பஞ்சும் சிறிது எண்ணெயும் இட்டு எரித்த விளக்கிற் படித்த மாணவிகள் இன்று வைத்தியர்களாகவும் ஆசிரியைகளாகவும் இருக்கிறார்கள். படிப்பு முடிந்ததும் எண்ணெயை மிச்சம் பிடிக்க விளக்கை அணைத்துவிட்டுச் செபமாலை சொன்ன வீடுகள் உண்டு. செபமாலைக்கு வெளிச்சம் தேவையில்லை. பங்கருக்குள் இருந்தும் அதைச் சொல்லலாம். பிள்ளையின் நடுக்கம் குறையும்வரை சொல்லலாம்.

1995 யூலை 9 ஆம் திகதி நவாலி சென் பீற்றர்ஸ் ஆலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த மக்கள்மீது குண்டுகள் வீழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுட் குழந்தைகளும் இருந்தனர். அதே ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் திகதி இலட்சக்கணக்கானோர் மழையில் நனைந்தபடி தென்மராட்சிக்கும் வன்னிக்கும் நடந்தனர். வீடு போனது. படம் மாட்டிய சுவர் போனது. தெரியாதவர்களின் விறாந்தையிலும் மரத்தடியிலும் பாயை விரித்துத் தாய்மார் அதே நேரத்தில் அதே செபத்தைத் தொடங்கினார்கள். எல்லாம் கலைந்துபோன அந்த நாட்களில், பிள்ளைகளுக்குப் பழகிய ஒழுங்காக எஞ்சியிருந்தது அது ஒன்றே. 2008 ஏப்ரலில் மடு மாதாவின் சுரூபமும் தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்து ஆவணியில் மீண்டது. 2015 சனவரி 14 ஆம் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் மடுவுக்கு வந்தபோது, போரிற் பிள்ளைகளை இழந்த தாய்மாரும் அங்கே நின்றார்கள். யோசவ்வாஸ் அடிகளாரை அவர் புனிதராக அறிவித்ததும் அதே நாளிற்றான்.

கடல் கடந்த வீடுகள்

இன்று எமது சங்கத்தின் உறுப்பினர்கள் ரொறொன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் மெல்பேணிலும் இருக்கிறோம். யேர்மனியின் கெவெலாரிலும் இங்கிலாந்தின் வால்சிங்ஹாமிலும் தமிழர்கள் ஆயிரக்கணக்கிற் கூடி மாதாவுக்குத் திருவிழா எடுக்கிறார்கள். சைவத் தோழிகளும் குடும்பத்தோடு வருகிறார்கள். ஆண்டுக்கொரு பெருநாளை நாம் இழக்கவில்லை. இழந்துகொண்டிருப்பது அன்றாட மாலையை.

காரணங்கள் கண்முன் உள்ளன. அம்மா இரவு வேலை, அப்பா பகல் வேலை. பிள்ளைகளுக்கு நீச்சலும் ரியூசனும். ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு திரை. யாழ்ப்பாணத்திலும் நிலைமை அதிகம் வேறல்ல. அதைவிட முக்கியமானது மொழி. பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ செபிக்கிறார்கள். கடவுளுக்கு எல்லா மொழியும் விளங்கும். ஆனால் அம்மம்மாவோடு சேர்ந்து சொல்ல ஒரு வரிகூட இல்லாத பிள்ளைக்கு, அம்மம்மாவின் உலகத்துக்குள் நுழைய வாசல் எது? எம்மிற் பலருடைய பிள்ளைகளுக்குத் தமிழில் முழுமையாகத் தெரிந்த ஒரே பாடம் செபமாகவே இருந்திருக்கிறது. அதுவும் போனால் வேறென்ன மிஞ்சும் என்ற கேள்வி எமது ஒன்றுகூடல்கள் எல்லாவற்றிலும் எழுகிறது.

ஐந்து பத்தும் சொல்ல நேரமில்லாத வீட்டில் ஒரு பத்தாவது சொல்லலாம். வீடியோ அழைப்பில் ஊரிலிருக்கும் பாட்டியோடு சேர்ந்து சொல்லும் குடும்பங்கள் ஏற்கெனவே உண்டு. தாய் மட்டும் சுமந்த பொறுப்பைத் தகப்பன்மாரும் பகிர்ந்துகொள்ளலாம். முன்பிருந்ததைவிட நன்றாக நாம் செய்யக்கூடிய காரியம் அது.

எமது சங்கத்தின் இரண்டாவது நூற்றாண்டு தொடங்கும் இவ்வேளையில் பழைய மாணவிகள் அனைவரிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் வழங்கிய மந்திரங்களை, அம்மம்மா சொன்ன பழைய சொற்களோடு எழுதியோ ஒலிப்பதிவு செய்தோ வையுங்கள். அட்டை கிழிந்த செபப்புத்தகம் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். பிள்ளைகளின் பிறந்த நாளும் ஞானஸ்நான நாளும் அதன் உள்ளட்டையிற்றான் எழுதப்பட்டிருக்கும். சைவத் தோழிகள் தங்கள் வீட்டு மாலைகளைப் பற்றி எழுதட்டும். அடுத்த மலரைத் தொகுப்பவர்களுக்கு அதிபர்களின் பட்டியல் எளிதிற் கிடைக்கும். எமது தாய்மாரைப் பற்றி அறிய அவர்களுக்கு நாம் விட்டுச்செல்லும் இந்தக் குறிப்புகளே துணையாகும்.