ஆட்டுக்கு ஸ்கின், மாட்டுக்கு ஹைடு

போன வாரம் தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் அடித்த நாணயங்களைப் பார்த்தோம். நம் காசும் பணமும் அவர்கள் வாயில் 'காஸ்', 'ஃபானோ' என்று ஆயின. 80 காஸ் சேர்ந்தால் ஒரு ஃபானோ. இந்த வாரம் எதிர்த்திசையில் போவோம். அந்த டேனிஷ்காரர்களின் முன்னோர் பேசிய ஒரு சின்னச் சொல், எங்கள் ராணிப்பேட்டை டேனரிகளுக்கு வந்து சேர்ந்த கதை இது.

நான் நெமிலிக்காரன். படிப்பு முடிந்த கையோடு ராணிப்பேட்டையில் ஒரு டேனரியில் ஆறு மாதம் கணக்கு எழுதினேன். முதல் வாரமே, மாட்டுத் தோல் லோடு ஒன்றுக்கு 'கவ் ஸ்கின்' என்று எழுதி, உரக்கப் படித்தேன். உப்புப் போட்ட தோல்களைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். "தம்பி, ஆடுன்னா ஸ்கின். மாடு, எருமைன்னா ஹைடு. மாத்தி எழுதினா ரேட்டே மாறிடும்" என்றார். சுங்கவரி அட்டவணையின் 41ஆம் அத்தியாயத் தலைப்பிலும் இரண்டு சொற்களும் தனித்தனியாகவே நிற்கின்றன. ஒரு தோலுக்கு எதற்கு இரண்டு சொல் என்ற கேள்வி அன்று என்னைப் பிடித்தது, இன்னும் விடவில்லை.

ஹைடு ஆங்கிலத்தின் சொந்தப் பிள்ளை. பழைய ஆங்கிலத்தில் மாட்டின் தோலும் அதுதான், மனிதனின் தோலும் அதுதான். ஸ்கின் வந்தேறிய சொல். கி.பி. 793இல் லிண்டிஸ்ஃபார்ன் தீவின் மடத்தைச் சூறையாடிய வைக்கிங்குகள், 865இல் பெரும் படையாகவே இங்கிலாந்தில் இறங்கினார்கள். 878இல் ஆல்ஃபிரட் மன்னர் அவர்களைத் தோற்கடித்தார். ஆனாலும் வடக்கிலும் கிழக்கிலும் அவர்கள் நிலைத்துவிட்டார்கள். ஏர் பிடித்தார்கள், பெண் எடுத்தார்கள், சந்தைக்கு வந்தார்கள். இரு தரப்பு மொழிகளும் பங்காளி மொழிகள். தெலுங்கும் தமிழும் கலந்து புழங்கும் எங்கள் பக்கத்துச் சந்தையை நினைத்துக்கொள்ளுங்கள், அதைவிட நெருக்கம். முட்டைக்கு எக், கத்திக்கு நைஃப், சட்டத்துக்கு லா என்று வீட்டுப் புழக்கச் சொற்களெல்லாம் அப்படித்தான் ஆங்கிலத்துக்குள் வந்தன. அவர்கள் என்று சொல்ல 'தே' என்கிறார்களே, அதுவும் வைக்கிங்குகள் பேசிய நார்ஸ் மொழி கொடுத்ததுதான். படையெடுத்து வந்தவனிடமிருந்து 'அவர்கள்' என்ற சொல்லையே வாங்கிக்கொண்ட மொழி அது!

ஸ்கின் வந்தேறிய சொல் என்று எப்படிச் சொல்கிறோம்? நார்ஸின் வழிவந்த டேனிஷில் மீன் ஃபிஸ்க்; ஆங்கிலத்தில் ஃபிஷ். அங்கே கப்பல் ஸ்கிப், இங்கே ஷிப். பழைய 'ஸ்க்' ஒலி ஆங்கிலத்தில் 'ஷ்' என்று இளகிவிட்டது. ஸ்கின் மட்டும் இளகவில்லை. இங்கேயே பிறந்திருந்தால் அது 'ஷின்' போல ஏதோ ஒன்றாக ஆகியிருக்கும்.

இப்படி ஒழுங்கு பார்க்காமல் ஒலியை மட்டும் வைத்து உறவு கொண்டாடக் கூடாது. நம் எட்டிலிருந்துதான் ஆங்கிலத்து எய்ட் வந்தது என்று மேடைகளில் பெருமையாகச் சொல்கிறார்கள். எனக்கும் தமிழ்ப் பற்று உண்டு. ஆனால் அது சரியல்ல. எட்டின் வேர் எண். எண்பதிலும் எண்ணூறிலும் அது தெரிகிறது. எய்ட்டின் பழைய வடிவம் எஆஹ்டா, லத்தீனில் ஆக்டோ. பின்னோக்கிப் போகப் போக இரண்டும் விலகுகின்றனவே தவிர நெருங்கவில்லை.

தோலுக்கு வருவோம். நார்ஸில் ஸ்கின் என்றால் உரித்தெடுத்த விலங்குத் தோல். ஆங்கிலத்தில் நுழைந்தபோதும் அந்தப் பொருள்தான். பிறகு மெல்ல மெல்ல மனித உடம்பின் மேல் ஏறிக்கொண்டது. அதுவரை மனிதனுக்கும் உரியதாயிருந்த ஹைடு, தொழுவத்துப் பக்கம் ஒதுங்கிவிட்டது. டேனிஷில் இந்த மாற்றம் நடக்கவில்லை. ஹைடின் உடன்பிறப்பான 'ஹுட்' அங்கே இன்றும் மனிதத் தோல். முகத்தில் பூசும் கிரீமும் ஹுட் கிரீம்தான். எருதுத் தோலுக்கும் ஹுட். ஆட்டுத் தோலுக்கு மட்டும் ஸ்கின்! பெரியவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த கணக்கு கோபன்ஹேகனிலும் செல்லும். 1870களில் வேலூரில் வந்து தங்கிய டேனிஷ் பாதிரியார் லோவென்தால் எங்கள் பக்கத்துத் தோல் வியாபாரியோடு பேசியிருந்தால், இந்த ஒரு விஷயத்தில் இருவருக்கும் விளக்கமே தேவைப்பட்டிருக்காது.

தமிழிலும் இப்படி ஒரு இடமாற்றம் உண்டு. சங்க இலக்கியத்தில் தோலுக்கு அதள், உரி, பச்சை என்று பல பெயர்கள் இருந்தன. பேச்சில் எஞ்சியது தோல் ஒன்றுதான். வாழைப்பழத்துக்கும் தோல், மிருதங்கத்துக்கும் தோல், முகத்துக்கும் தோல். அதன் பக்கத்தில் சருமம் வந்து உட்கார்ந்தது. சமஸ்கிருதத்துச் சர்மம் பெரும்பாலும் விலங்கின் தோலைக் குறித்த சொல். செருப்புத் தைப்பவருக்கு அங்கே சர்மகாரர் என்று பெயர். அந்தச் சொல்தான் தமிழுக்கு வந்ததும் சோப்பு விளம்பரத்தில் மினுமினுக்கிறது. டேனரியில் 'சருமம்' என்று யாரும் சொல்லி நான் கேட்டதே இல்லை. ஒரே பொருளைத் தொடுகிற கையைப் பார்த்து நாம் சொல்லை மாற்றுகிறோம். எனக்கு இது வலிக்கிறது.

போன மாதம் அந்தப் பெரியவரைப் பார்க்கப் போயிருந்தேன். வேலையை விட்டுப் பல வருடம் ஆகிறது. சுண்ணாம்புக் குழியில் வேலை செய்த காலத்தில் விரல் இடுக்கெல்லாம் வெடித்து, இப்போது உள்ளங்கை வரிகள்கூடத் தெரியவில்லை. ஸ்கின், ஹைடு கதையை முழுசாகச் சொன்னேன். கடல் தாண்டி வந்த சொல் என்றதும் குழந்தை மாதிரிச் சிரித்தார். கையைப் பிடித்துப் பார்த்து, "டாக்டர்கிட்ட காட்டினீங்களா?" என்று கேட்டேன்.

"இதையா? பதப்பட்ட தோலு தம்பி. இனிமே ஒண்ணும் ஆகாது."